தூரமானால் விட்டுப்போகும் வலி

இதை எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. வாயால் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போய் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் சொன்னேன். ரேஷன் கடை வரிசையில் சொன்னேன். தீர்த்தமலை ஏறும்போது மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த, முன்பின் தெரியாத ஒரு அம்மாவிடமும் சொன்னேன். பாவம், அவரால் எழுந்து ஓட முடியவில்லை. "அம்மா, நீ ஒரு மைக் செட்டு வாங்கிக்கோ" என்கிறாள் என் மகள் கௌசல்யா. கிண்டல் அவளுக்கு. கேட்கிறவர்களில் ஒருத்தியாவது நாளைக்குக் கிளம்பி ஆஸ்பத்திரிக்குப் போவாள் என்ற ஆசை எனக்கு.

விஷயம் இதுதான். ஏறக்குறைய ஒரு வருஷம் எனக்கு இடது மார்பில் வலி இருந்தது. வரும், போகும், மறுபடி வரும். ஏன் வருகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. மார்பு என்று எழுதுவதற்கே எங்கள் பக்கத்தில் ஒரு தைரியம் வேண்டும். அந்தத் தைரியம் எனக்கு இந்த ஒரு வருஷத்தில்தான் வந்தது.

அரூரிலிருந்து தீர்த்தமலை போகிற சாலையில் எங்கள் ஊர். பட்டுப்புழு வளர்க்கிறோம். முன்பு மல்பெரித் தோட்டம் ஒரு துண்டுதான் இருந்தது. போன வருஷம் இன்னொரு துண்டும் நட்டோம். அதோடு ஓய்வு போயிற்று. ஒரு பேட்ச் கூடு தருமபுரி மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அடுத்த பேட்சுக்கு இளம்புழு வந்து இறங்கிவிடும். கூட வேலை செய்த ஆள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார். மிச்சம் நாங்கள் மூன்று பேர்: நான், எங்கள் வீட்டுக்காரர், அவருடைய அம்மாவான எங்கள் அத்தை.

அத்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புழு வளர்க்கும் ஷெட்டுக்கு அவர்தான் கலெக்டர். கால் கழுவாமல் உள்ளே போகக் கூடாது. பவுடர் பூசிக்கொண்டு போகக் கூடாது. வீட்டில் மீன் வறுத்த அன்றைக்கு, குளிக்காமல் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது. வெளியாள் எட்டிப் பார்க்கக் கூடாது. வீட்டுப் பெண்கள் தூரமானால், அதாவது மாதவிலக்கானால், தலைக்குக் குளிக்கும் வரை ஷெட்டுப் பக்கமும் வரக் கூடாது, தோட்டத்தில் தழையும் தொடக் கூடாது. மீறினால் புழுவுக்குச் சீக்கு வந்து ஒட்டுமொத்தமாகச் சாகும் என்பது அவர் நம்பிக்கை. கல்யாணமாகி வந்த நாள் முதல் இந்தச் சட்டத்தில் வாழ்ந்து பழகிவிட்டேன். இதை யாராவது கேட்டாலொழிய நானாகச் சொல்லத் தோன்றாது. மூக்கு வழியாக மூச்சு விடுகிறேன் என்று யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா?

வலி மந்தமாகத் தொடங்கும். நாள் போகப் போக ஏறும். கடைசியில் ஜாக்கெட் கொக்கி மாட்டும்போதே பல்லைக் கடிக்க வேண்டியிருக்கும். பிறகு தூரமானதும் ஓரிரு நாளில் வந்த சுவடே தெரியாமல் போய்விடும். அப்பாடா என்று இருப்பேன். அடுத்த வாரமே மறுபடி மெல்ல ஆரம்பிக்கும்.

என் பெரியம்மா மகள் ஒருத்தி இருந்தாள். மார்பில் வந்த கட்டியை முந்தானைக்குள் மறைத்து மறைத்து, புண்ணாகி வாடை வந்த பிறகுதான் வெளியே சொன்னாள். அவளைக் கடைசியாகப் பார்த்தபோது என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். எனக்கு வலி வந்த முதல் மாதமே அந்தக் கை ஞாபகம் வந்துவிட்டது. புற்றுநோய் என்ற சொல்லை மனதுக்குள்கூட முழுதாகச் சொல்லவில்லை. கத்தியை எடுப்பேன், மல்பெரித் தழை அறுப்பேன், அறுத்துக்கொண்டே இருப்பேன்.

ஒருநாள் முடியாமல் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மனிதர் வெளிறிப்போனார். உடனே வண்டியை எடுத்தார். அரூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ், "என்ன பண்ணுது?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"நெஞ்சு வலிங்க சிஸ்டர்."

மார்பு என்று சொல்ல இவருக்குக் கூச்சம். அவ்வளவுதான், எனக்கு ராஜ மரியாதை தொடங்கிவிட்டது. சக்கர நாற்காலி வந்தது. வரிசையில் நின்றவர்கள் விலகி வழி விட்டார்கள். நாக்குக்கு அடியில் வைக்க ஒரு மாத்திரையோடு ஒருவர் தயாராக நின்றார். கை கால் நெஞ்செல்லாம் ஒயர் ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இருதயம் எப்படித் துடிக்கிறது என்று காகிதத்தில் கோடு கோடாக எழுதிக் காட்டும் சோதனை அது. வலியில்லை, ஒயர் மட்டும் ஜில்லென்று இருந்தது. நம்பாமல் இன்னொரு தடவையும் எடுத்தார்கள். "இருதயம் நல்லா ஓடுதும்மா" என்றார் டாக்டரம்மா. வீட்டுக்காரர் டீ வாங்கப் போன நேரம் பார்த்து டாக்டரம்மாவை அருகில் கூப்பிட்டேன்.

"வலி இருதயத்துல இல்லீங்க. மார்ல."

அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. திரையை இழுத்துவிட்டுப் பரிசோதித்துப் பார்த்தார். "கட்டி எதுவும் கைக்குத் தெரியல. ஆனா நாப்பது தாண்டியாச்சு, தருமபுரிக்குப் போயி ஸ்கேன் பாத்துடுங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

தருமபுரிக்குக் கௌசல்யா கூட வந்தாள். அவள் அங்கேதான் கல்லூரியில் படிக்கிறாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதிலிருந்து என் கையை விடவே இல்லை. சின்ன வயதில் திருவிழாவில் நான் அவளைப் பிடித்துக்கொண்டு போன மாதிரியே பிடித்துக்கொண்டு போனாள்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் என் பக்கத்தில் பென்னாகரம் பக்கத்துக்காரர் ஒருவர், ரத்னம்மா. வீட்டில் கன்னடம் பேசுவார்களாம். "ஏனம்மா, உனுக்கு என்னா?" என்றார்.

"வலிங்கக்கா. மாசா மாசம் வலிக்குது."

"எனுக்கு வலியே இல்ல. கட்டி மட்டும் இருக்குது. வலிச்சிருந்தா அன்னிக்கே ஓடி வந்திருப்பன். வலிக்கலயேன்னு விட்டுட்டன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வலித்தால்தான் நோய், வலிக்காவிட்டால் ஒன்றுமில்லை என்று நானும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே போனபோது டாக்டரிடம் கேட்டே விட்டேன். சின்ன வயது டாக்டரம்மா, பொறுமையாகச் சொன்னார். மார்பில் வருகிற வலியில் பெரும்பாலானது புற்றுநோய் இல்லை. அதே சமயம் வலியில்லாத கட்டியை அலட்சியமாக விடவும் கூடாது. கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து நீரோ ரத்தமோ கசிவது, இதில் எது வந்தாலும் வலி இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் வந்துவிட வேண்டும். விட்டுப் போகாத வலி வந்தாலும் வர வேண்டும். இதை நான் மனப்பாடம் செய்துகொண்டேன். பஸ்ஸில் நான் சொல்வது இந்தப் பகுதியைத்தான் முதலில்.

மேமோகிராம் என்பது மார்புக்கு எடுக்கும் எக்ஸ்ரே. இரண்டு தட்டுக்கு நடுவே மார்பை வைத்து அழுத்திப் படம் எடுப்பார்கள். அடை தட்டுவது போல் தட்டையாக்கிவிடுவார்கள் என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். உண்மையில் அழுத்தம் கொஞ்ச நேரம்தான், "மூச்சைப் பிடிங்க, ஆச்சு, விடுங்க" என்று சொல்லி முடித்துவிட்டார்கள். எனக்கு மிஷின் என்றால் சின்ன வயதிலிருந்தே ஆசை. அந்தத் தட்டு தானாக இறங்குவதைப் பார்த்துப் பயத்தையும் மறந்து, "இது எப்படிங்க எங்க நிக்கணும்னு கண்டுபுடிக்குது?" என்று கேட்டேன். படம் எடுத்த பெண் சிரித்துவிட்டார். அப்புறம் அல்ட்ராசவுண்ட். குளிர்ந்த பசை தடவி, ஒரு சின்னக் கருவியை மார்பின் மேல் நகர்த்த, உள்ளே இருப்பது டி.வி.யில் தெரிகிறது. எனக்குத் தெரிந்ததெல்லாம் மழைக்கால மேகம்.

ரிப்போர்ட் வருகிற வரை கௌசல்யா கேன்டீனில் எனக்கு இட்லி ஊட்டாத குறை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிடுமோ என்று எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. பூதம் கிளம்பவில்லை. கட்டி எதுவும் இல்லை.

டாக்டரம்மா கேட்டார். "வலி எப்ப போவுது?"

"தூரமானா போயிடுதுங்க."

அவர் முகம் தெளிந்துவிட்டது. பெண்களுக்கு மாதவிலக்குக்கு முன்னால் உடம்பில் ஹார்மோன் ஏறி இறங்கும், அதனால் மார்பு கனத்து வலிக்கும், விலக்கு வந்ததும் விட்டுவிடும், நிறையப் பேருக்கு இருக்கிறது என்றார். சரியாகத்தான் சொன்னார். நான் சொன்னதை வைத்து வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். மாத்திரை கொடுத்தார். நல்ல தாங்கலான உள்ளாடை போடச் சொன்னார். "மூணு மாசத்துல சரியாகலன்னா கண்டிப்பா திரும்ப வாங்க. ரிப்போர்ட் நல்லாருக்குதுன்னு இருந்துடாதீங்க" என்று அழுத்திச் சொன்னார். இந்தக் கடைசி வரிக்காக அவருக்குக் கோயில் கட்டலாம்.

உள்ளாடை வாங்கும் பொறுப்பை வீட்டுக்காரர் ஏற்றுக்கொண்டார். அரூர் கடைக்குள் போய், வாயைத் திறக்காமல், டாக்டர் சீட்டைக் கடைப் பெண்ணிடம் நீட்டிவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். அந்தப் பெண், "அண்ணா, இது மெடிக்கல்ல குடுக்கறது" என்று திருப்பிக் கொடுக்க, இவர், "கீழ கடைசி வரிய படிம்மா" என்றாராம். வீட்டுக்கு வந்து பொட்டலத்தை என் மடியில் போட்டுவிட்டு நேராகத் தோட்டத்துக்குப் போய்விட்டார். முப்பது வருஷ சிநேகிதனிடம் வட்டிக்குக் கடன் கேட்கக்கூட அந்த மனிதர் அவ்வளவு கூச்சப்பட்டிருக்க மாட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அத்தை தன் பங்குக்கு ஆமணக்கு இலையை வாட்டி ஒத்தடம் கொடுத்தார். தீர்த்தமலைக்குப் போய், பாறையிலிருந்து விழும் தண்ணீரை எனக்கும் சேர்த்துத் தலையில் வாங்கிக்கொண்டு, ஒரு பாட்டிலில் தீர்த்தமும் பிடித்து வந்தார்.

மாத்திரை, ஒத்தடம், தீர்த்தம், தாங்கலான உள்ளாடை எல்லாம் இருந்தும் வலி வந்தது. முன்பைவிடத் திமிராக வந்தது. தூரமானால் போயிற்று, குளித்து எழுந்து நாலு நாள் ஆனால் வந்தது. ஊரிலோ ஆளுக்கொரு பேச்சு. "அதான் ஒண்ணுமில்லன்னு ஸ்கேன்லயே சொல்லிட்டாங்களே, இன்னும் என்னா?" வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு நான் அவலாகிவிட்டேன். எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். ஒன்றுமில்லை என்றால் எதற்கு வலிக்கிறது? மாத்திரைக்கு அடங்காத வலி என்றால் அது என்ன வலி? ஸ்கேனுக்குப் பின்னால் ஏதாவது ஒளிந்திருக்கிறதா? பெரியம்மா மகளின் கை மறுபடி ஞாபகத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

திரும்பப் போவதா வேண்டாமா என்று நான் புலம்பியபோது அத்தை, முறத்தைக் கீழே வைக்காமலே சொன்னார்.

"பேசறவளுக்கா வலிக்குது? வலிக்கறவதான் போவணும். போயிட்டு வா."

இந்தத் தடவை தருமபுரியில் பார்த்தவர் வயதான சர்ஜன் அம்மா. வெளியே பெஞ்சில் ரத்னம்மா உட்கார்ந்திருந்தார். தலையில் துண்டு கட்டியிருந்தார், முடி கொட்டியிருந்தது. கட்டி புற்றுதான் என்று உறுதியாகி ஆபரேஷன் முடிந்து, மருந்து ஏற்றுகிறார்களாம். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"உனுக்கு நல்லாருக்குதுன்னு சொன்னாங்கல்ல, ஏன் வந்த?"

"வலி போவலீங்கக்கா."

"அப்ப வந்தது சரி" என்றார். என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். ஊரே சொல்லாத ஒரு சொல்லை அவர் சொன்னார். என் முறை வருகிற வரை அவர் தோள்மேல் சாய்ந்துகொண்டிருந்தேன்.

சர்ஜன் அம்மா அதிகம் பேசவில்லை. பழைய ரிப்போர்ட்டைப் பார்த்தார், மல்லாக்கப் படுக்க வைத்துப் பரிசோதித்தார். பிறகு, "வலது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க" என்றார். படுத்தேன். இடது மார்பு தானாக வலப்பக்கம் சரிந்து விலகிக்கொண்டது. அதைக் கையால் இன்னும் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, அதற்கு அடியில் இருந்த விலா எலும்பின் மேல் ஒற்றை விரலை வைத்து ஒவ்வொரு இடமாக அழுத்திக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் அழுத்தியதும் நான் போட்ட சத்தத்தில் வெளியிலிருந்து கௌசல்யா கதவைத் திறந்துவிட்டாள்.

"இதே வலிதானா?" என்றார்.

"இதேதாங்க. இதேதான்."

"நான் இப்ப மாரைத் தொடவே இல்லையேம்மா. இது எலும்பு."

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். விலா எலும்பு நெஞ்சின் நடு எலும்போடு நேராக ஒட்டியிருப்பதில்லை. இடையில் காது மடல் மாதிரி வளைகிற குருத்தெலும்பு இருக்கிறது. மூச்சு விடும்போது நெஞ்சு விரிய அதுதான் உதவுகிறது. அந்த இணைப்பில் திரும்பத் திரும்ப அழுத்தம் விழுந்தால் வீங்கி நோகும். மேலே மார்பு இருப்பதால் மார்பே வலிப்பது போலத் தோன்றும். ஆபத்தில்லை, சரியாகிவிடும்.

கௌசல்யா என் தோளைப் பிடித்தாள். ஆனால் சர்ஜன் அம்மா நெற்றியைச் சுருக்கிக்கொண்டே இருந்தார்.

"எலும்புன்னா ஏன் மாதவிலக்கானதும் விடுது? எலும்புக்கு அது தெரியாதே." யோசித்தார். "அந்த நாள்ல வீட்டுல என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டங்க. சும்மாதான் இருப்பன்."

"சும்மான்னா? மத்த நாள்ல என்ன பண்ணுவீங்க?"

சொன்னேன். மல்பெரியைக் குச்சியோடு அறுத்துக் கட்டுவது, அந்தத் தழைக்கட்டை இடது கையால் மாரோடு அணைத்துப் பிடிப்பது, வலது கையால் ஒவ்வொரு குச்சியாக உருவித் தட்டில் பரப்புவது, கீழ்த்தட்டு, நடுத்தட்டு, மேல்தட்டு என்று. புழு பெரிதாகிவிட்டால் ஒரு நாளைக்கு எத்தனை கட்டு என்று கணக்கே இல்லை. பேசப் பேச என் இடது கை தானாகக் கட்டை அணைத்துக் காட்டியது. சர்ஜன் அம்மா என் கையையே பார்த்தார். கை மார்பில் எங்கே அழுந்தியிருந்ததோ, அங்கேதான் அவர் விரல் வைத்து என்னை அலற வைத்தார்.

"தூரமானா?"

"தொடக் கூடாதுங்க. புழு செத்துடும்னு எங்க அத்தை உள்ள விட மாட்டாங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன், கௌசல்யாவும் சிரித்தாள். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வருஷமாக நெய்க்கு அலைந்திருக்கிறேன். வலியை விட்டுப்போகச் செய்தது ஹார்மோனும் இல்லை, மாத்திரையும் இல்லை. எங்கள் அத்தை போட்ட சட்டம்.

"எனக்கு ஏறக்குறைய தெரிஞ்சுபோச்சு" என்றார் சர்ஜன் அம்மா. "ஆனா நீங்க ரொம்பப் பயந்திருக்கீங்க. நான் சொன்னா வீட்டுக்குப் போற வரைக்கும்தான் நம்புவீங்க. நீங்களே பாத்துக்குங்க. ஒண்ணு, வேலை இருக்கிற நாள்ல கட்டைத் தொடாம ஓய்வா இருந்து, வலி விடுதான்னு பாருங்க. இல்ல, தூரமான நாள்ல வழக்கமா செய்யற வேலையைச் செஞ்சு பாருங்க. அப்பவும் வலி விடாம இருந்துச்சுன்னா அது எலும்புதான், மாதவிலக்குக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடியும் ஒரு அல்ட்ராசவுண்ட் பார்த்தார்கள். சுத்தமாக இருந்தது.

பஸ்ஸில் வரும்போது சந்தோஷம் பாதி, கவலை பாதி. அவர் சொன்ன இரண்டுமே எங்கள் வீட்டில் நடக்காத காரியம். புழு நாலாவது தோல் உரித்து எழுந்து, பெருந்தீனி தின்கிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போது ஓய்வு எடுத்தால் வீட்டுக்காரர் ஒற்றை ஆளாகச் சாக வேண்டும். தூரமான நாளில் ஷெட்டுக்குள் போவதோ, அத்தையிடம் கேட்கவே நாக்கு எழாது. ஒரு பேட்ச் போனால் போனதுதான். செய்யாமல் விட்டால் பழைய கதைதான், காரணம் தெரியாத வலி, உள்ளுக்குள் அந்தப் பயம்.

எல்லாவற்றையும் ஒன்று விடாமல் அத்தையிடம் சொன்னது கௌசல்யாதான். அத்தை சோற்றுத் தட்டை எடுத்தவர் அப்படியே கையில் வைத்துக்கொண்டு கேட்டார். வீட்டுக்காரர் மெதுவாக, "வேற எதனா ஆளைக் கீளைப் பாக்கலாம்மா" என்றார்.

"ஆளு எங்க கெடக்கறான் இப்ப?" என்ற அத்தை என் பக்கம் திரும்பினார். "எங்க மாமியா எனுக்குச் சொன்னா. நான் உனுக்குச் சொன்னன். நெசமா பொய்யான்னு நானும் பாத்ததில்ல. புழு போனா அடுத்த பேட்ச் எறக்கிக்கலாம். நீ போனா?"

நான் தட்டுக் கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போய் நன்றாக அழுதுவிட்டு வந்தேன்.

நினைத்து வைத்தது போல, பெருந்தீனி தொடங்கியபோதே தூரமானேன். அத்தையே என்னை ஷெட்டு வாசலுக்குக் கூட்டிப் போனார். அதற்காகச் சட்டத்தையெல்லாம் தளர்த்திவிட்டார் என்று நினைக்க வேண்டாம். குளிக்க வைத்தார், துவைத்த சேலை கட்ட வைத்தார், காலையும் கையையும் பிளீச்சிங் தண்ணீரில் இரண்டு தடவை கழுவ வைத்தார். புழுக்களின் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பிறகு வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

எனக்குப் பொறுமை கிடையாது, அதனால் என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். புழுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கூடு கெட்டியாக வந்தது. தருமபுரி மார்க்கெட்டில் கொட்டியபோது வியாபாரி கையில் அள்ளிக் குலுக்கிப் பார்த்து, "நல்ல சரக்குமா" என்றார். வீட்டுக்காரர் ஒரு தள்ளுவண்டி செய்துவிட்டார், இப்போது கட்டை யாரும் மாரோடு அணைப்பதில்லை. வலிக்கு ஒரு களிம்பு கொடுத்தார்கள், கொஞ்ச நாள் ஓய்வும் எடுத்தேன். வலி இல்லை. சர்ஜன் அம்மா, "வருசத்துக்கு ஒரு தடவை வந்து பாத்துக்குங்க, அது எல்லாரும் செய்யணும்" என்று அனுப்பிவிட்டார். ரத்னம்மாவுக்குத் தலையில் முடி முளைக்கிறது. போனில் பேசும்போது அதைத்தான் முதலில் சொல்வார். அத்தை மட்டும், "உனுக்கு மட்டும்தான் விட்டன்" என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் போன மாதம் கௌசல்யா லீவுக்கு வந்து, தூரமான நாளில் வண்டி தள்ளியபோது எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு வெற்றிலை போட்டார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தக் காலையைப் பற்றி.

தூரமாகி மூன்றாம் நாள். முதல் இரண்டு நாளும் வேலையை விடவில்லை. வழக்கமாக அந்நேரத்துக்கு வலி துடைத்துவிட்டது போல் போயிருக்கும். தூங்கி எழுந்தபோது வலி தெரியவில்லை. போய்விட்டதா? அப்படியானால் எலும்பு இல்லையா? சர்ஜன் அம்மா சொன்னதும் பொய்யா? குளித்துக் கால் கழுவி உள்ளே போனேன். ஷெட்டு முழுக்கப் புழு தழை தின்கிற சத்தம், ஓட்டின் மேல் மழை பெய்வது போல. முதல் கட்டைப் பரப்பினேன். ஒன்றுமில்லை. அடுத்த கட்டு. ஒன்றுமில்லை. வாசலில் அத்தை வெற்றிலைகூடப் போடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கட்டை இடது கையால் அணைத்துக்கொண்டு மேல்தட்டுக்கு எக்கினேன்.

சுரீர் என்றது. அதே இடம். சர்ஜன் அம்மா விரல் வைத்த அதே இடம். கட்டை அப்படியே தட்டின் மேல் போட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தேன். சத்தமாகச் சிரித்தேன். ஒரு வருஷமாக என்னைத் தின்ற வலியைப் பார்த்து, தொலைந்துபோன பிள்ளை திரும்பி வந்தது போல் சிரித்தேன்.

அத்தை முக்காலியை விட்டு எழுந்து நின்றார்.

"என்னா ஆச்சு புள்ள?"

"வலிக்குதுங்க அத்தை."

"எங்க?"

ஒற்றை விரலை விலா எலும்பின் மேல் வைத்துக் காட்டினேன். அத்தை முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமனார் இறந்த அன்றுகூட நாலு பேர் முன்னால் அழாதவர் அவர்.

"வலிக்கட்டும் கண்ணு" என்றார். "நல்லா வலிக்கட்டும்."